மூன்று விழுக்காடு பங்கைக் கொடுத்து இன்குபேட்டரில் சேரலாமா?

கேள்வி (கோவையிலிருந்து):
வணக்கம். சிறுதானியக் கஞ்சிமாவு தயாரிக்கும் எங்கள் நிறுவனத்தைப் பதிவு செய்து எட்டு மாதங்கள் ஆகின்றன. கல்லூரி ஒன்றின் இன்குபேட்டர் (புதுத் தொழில்களை வளர்த்தெடுக்கும் மையம்) இடமும் வழிகாட்டுதலும் தருவதாகக் கூறி, பதிலுக்கு மூன்று விழுக்காடு பங்கைக் கேட்கிறது. இத்தகைய ஆதரவு தொழிலை நிலைநிறுத்துமா, அல்லது மேசைக்கும் வைஃபைக்கும் பங்கை இழப்பதாகத்தான் முடியுமா?

மறுமொழி 1:
மேசை அதில் மிகச் சிறிய பகுதி. ஒன்றிய அரசு 2021-இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டத்தில், மாதிரிப் பொருள் உருவாக்க 20 லட்சம் ரூபாய் வரை மானியமும், சந்தைக்குக் கொண்டுசெல்ல 50 லட்சம் ரூபாய் வரை கடனாகவோ பின்னர் பங்காக மாற்றத்தக்க கடன்பத்திரமாகவோ தரப்படும் முதலீடும், தேர்ந்தெடுக்கப்பட்ட இன்குபேட்டர்கள் வழியாகவே நிறுவனங்களை வந்தடைகின்றன. விண்ணப்பிக்கும்போது நிறுவனம் பதிவாகி இரண்டாண்டுகளைக் கடந்திருக்கக் கூடாது என்பதால், உங்களுக்கு இன்னும் பதினாறு மாதங்களே உள்ளன. திட்டம் இப்போதும் விண்ணப்பம் பெறுகிறதா, அந்தக் கல்லூரி அப்பட்டியலில் உள்ளதா என்பதை முதலில் பாருங்கள்.

மறுமொழி 2:
நிதியைவிட வழிகாட்டி யார் என்பதே முக்கியம் என்பேன். நான் ஓராண்டு இருந்த மையத்தில் வாரந்தோறும் முதலீட்டாளர்முன் பேசும் பயிற்சி நடந்தது. ஆனால், மழைக்காலத்தில் பொட்டலத்துக்குள் ஈரமேறி என் சத்துமாவு கட்டிதட்டியபோது விளக்கம் சொல்ல அங்கு ஒருவரும் இல்லை. உறையின் உள்ளடுக்கை மாற்றச் சொன்னவர், உறை விற்கும் கடைக்காரர்தான். கோவையிலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தொழில் காப்பகம் (இன்குபேட்டர்) இருக்கிறது. கையெழுத்திடும் முன் அங்கும் ஒருமுறை விசாரியுங்கள்.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. எங்கள் மாவும் கட்டிதட்டுகிறது. திங்களன்று பொட்டலத்துடன் பல்கலைக்கழகத்துக்குச் செல்கிறேன்.