புதுப்பிப்பு: மாதிரி விமானத்தின் பால்சா இறக்கையில் ரிப்கள் ஒரே வரிசைக்கு வந்துவிட்டன

பால்சா என்ற லேசான மரத்தில் நான் கட்டும் இறக்கையில், நடுவில் சில ரிப்கள் (இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குத் தகடுகள்) தூக்கிக்கொண்டு, பின் விளிம்பு அலை அலையாக நிற்கிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இறக்கையை வைத்துக் கட்டும் பலகையைச் சந்தேகித்தவர்களுக்கு: அது சமமாகத்தான் இருக்கிறது. கோளாறு, ஸ்பார் (ரிப்களை எல்லாம் கோத்துப் போகும் நீளக் குச்சி) உட்கார ரிப்களில் வெட்டிய பள்ளங்களில்.

ஒட்டாத ரிப்களை அடுக்கிக் குண்டூசி குத்திப் பார்த்தால் பள்ளங்கள் படிக்கட்டு மாதிரி ஏறி இறங்கின. ஸ்பார் அகலத்துக்கு ஒரு குச்சியில் உப்புத்தாள் ஒட்டி, அடுக்கு முழுவதையும் ஒரே இழுப்பில் தேய்த்தேன். ஆழம் கூடிப்போன பள்ளங்களுக்கு அடியில் 0.8 மி.மீ. பால்சாத் துண்டு.

ஏற்கெனவே சயனோ (சட்டென்று ஒட்டும் சூப்பர் குளூ வகைப் பசை) போட்டு ஒட்டியவை? அசிட்டோனைச் சொட்டு சொட்டாக விட்டு, பொறுமையாகக் கழற்றினேன். (ஜன்னலைத் திறந்து வையுங்கள், நெடி தாங்காது.)

அப்புறம் எல்லாவற்றையும் பசையில்லாமல் பொருத்தி, மூலைமட்டம் வைத்து நிமிர்த்திய பிறகே சயனோ. இறக்கை நுனியிலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இப்போது முதல் ரிப் மட்டும்தான் தெரிகிறது. அடுத்து முன் விளிம்பு.