சாயத்துக்குப் போய் வந்த துணி எந்தத் தறியுடையது என்று கண்டுபிடிப்பது எப்படி?

செல்லூர்த்தறி:
17 விசைத்தறிகளில் ஓடும் 50 அங்குலக் காட்டன் காடாத் துணி ஒரே லாட்டாக வெளுப்புக்கும் சாயத்துக்கும் போகிறது. பீஸ் முனையில் மார்க்கர் பேனாவால் எழுதும் தறி எண் திரும்பி வரும்போது இருப்பதில்லை. துணியின் குறுக்கே நிறம் மாறிப் பட்டை விழுந்தால் தறியின் குற்றமா, சாயப்பட்டறையின் குற்றமா என்று சண்டை. அழியாத அடையாளத்துக்கு என்ன வழி?

சாயத்தொட்டி:
மையை விடுங்கள். காஸ்டிக் கொதியும் பெராக்சைடும் பேனா மையின் நிறத்தையே உடைத்துவிடும். பழைய சில்வர் நைட்ரேட் மை வெளிச்சத்தில் கறுத்து நிற்கும்; பிளீச்சிங் பவுடர் தொட்டியில் சில்வர் குளோரைடாகி வெளிறிவிடும். ஸ்டேப்ளர் பின் அறவே கூடாது. இரும்பு பட்ட இடத்தில் பெராக்சைடு வேகமாகச் சிதைந்து பருத்தியை அரித்து ஓட்டை போடும்.

கறுப்பு பாலியஸ்டர் நூலால் தையுங்கள், பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் அதில் ஏறாது. சாயம் தோய்த்த நூல் வேண்டாம். இழை இழுக்கும்போதே கருமை கலந்ததாகக் கேட்டு வாங்குங்கள். ஒரு நீளத் தையலுக்கு மதிப்பு 5, ஒரு குட்டைத் தையலுக்கு 1. அப்படியென்றால் 14-ம் தறிக்கு நீளம் 2, குட்டை 4. ஓட்டுத்தையல் மறுபுறத்தில் தலைகீழாகத் தெரியும், அதனால் நேர்ப்பக்கத்தில் முதலில் ஒரு பெருக்கல் குறி போட்டுக்கொள்ளுங்கள்.

இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பீஸ்களை முனையோடு முனை தைத்து ஓட்டுவார்கள், முடிந்ததும் அந்தத் தைத்த இடத்தை வெட்டிவிடுவார்கள். ஆகவே முனையிலிருந்து 6 அங்குலம் உள்ளே, ஸ்டென்டர் (துணியை அகலமாக இழுத்து உலர்த்தும் இயந்திரம்) பிடிக்கும் கரையிலிருந்து 3 அங்குலம் தள்ளி, இரண்டு முனையிலும் போடுங்கள். நூல் வால் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. பஞ்சு பொசுக்கும் தீயில் உருகி மணியாகிவிடும்.

வெள்ளாவி:
சேராங்கொட்டையை யாரும் சொல்லவில்லையே! கொட்டையை ஊசியால் குத்தி, வரும் சாற்றில் புள்ளி வைத்து, மேலே சுண்ணாம்பு தடவினால் கறுத்துவிடும். வண்ணான் குறி அதுதான், வெள்ளாவிக்கே அசையாது. ஆனால் சாறு தோலில் பட்டால் கொப்புளம் போடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இங்கிருந்த வெளிநாட்டுப் படைவீரர்களுக்குச் சட்டைக் குறி பட்ட இடத்திலேயே புண் வந்தது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. உடுத்தும் துணிக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

பிக்கிளாஸ்:
அடையாளம் இருந்தாலும் அனுப்புமுன் பார்த்து எழுதி வைக்காவிட்டால் சண்டை தீராது. குறையின் நீளத்துக்கு ஏற்பப் புள்ளி போடும் நாலு புள்ளி முறை போதும்: குறை 3 அங்குலம் வரை 1 புள்ளி, 6 வரை 2, 9 வரை 3, அதற்கு மேல் 4. ஓட்டை 1 அங்குலம் வரை 2, மேலே 4. ஒரு கஜத்தில் எத்தனை குறை இருந்தாலும் 4-க்கு மேல் போடக்கூடாது. உங்கள் 50 அங்குலத்தில் 100 கஜ பீஸுக்கு 44 புள்ளி வந்தால், 44 × 3600 ÷ (50 × 100) = 31.7. நூறு சதுர கஜத்துக்கு 40-க்குள் இருந்தால் வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏற்பார்கள்.

பட்டைக்கு பிக் கிளாஸை (இழை எண்ணும் உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து, பட்டையிலும் பக்கத்திலும் அங்குலத்துக்கு ஊடை எண்ணுங்கள். 60-க்கு 66 என்று வந்தால் தறிதான். எண்ணிக்கை ஒன்றானால் இரண்டு இடத்திலும் ஊடை நூலை உருவி, காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் போட்டுச் சாயத்தை எடுத்துவிட்டு கவுண்ட்டையும் (நூலின் பருமன் எண்) முறுக்கையும் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் நூல் கலந்திருக்கிறது. எல்லாம் ஒன்றுபோல் இருந்தால்தான் பட்டறையைக் கேட்கலாம். காடாவாக இருக்கும்போதே இருட்டறையில் புற ஊதா விளக்கடியில் ஓட்டினால், கலந்த பஞ்சு லாட் பெரும்பாலும் தனியாக ஒளிரும்.

செல்லூர்த்தறி:
நன்றிண்ணே. பீஸை நடுவில் வெட்டி விற்றால் முனைக்குறி போய்விடுமே?

சாயத்தொட்டி:
அப்போது பாவு ஓட்டும்போதே கரையில் நிற பாலியஸ்டர் இழை ஒன்றைச் சேர்த்துவிடுங்கள், நெடுக வரும். பிரிட்டிஷ் கடற்படை தன் கயிறு திருடுபோகாமலிருக்க இதே வேலையைத்தான் செய்தது: ஒவ்வொரு கப்பல் கட்டும் துறைக்கும் ஒரு நிற இழையைக் கயிற்றுக்குள் முறுக்கிவிடும். 17 தறிக்கு 17 நிறம் தேட வேண்டாம். 5 நிறம் போதும். ஒரே நிறத்தை இரு கரையிலும் போட்டால் 5, இடம் வலம் மாற்றி இரு நிறம் போட்டால் 20. துணி திரும்பினால் இடம் வலம் குழம்பும் என்பதால், இடக்கரையில் மட்டும் இரட்டை இழை.