புதுப்பிப்பு: யாரோ ஒருவருடைய கணக்கு அறிக்கை எனக்கு வந்த விவகாரம்

முந்தைய பதிவைப் படிக்காதவர்களுக்கு: முன்பின் தெரியாத ஒருவரின் வங்கி அறிக்கை 5 மாதமாக என் ஜிமெயிலுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த வங்கியில் எனக்குக் கணக்கே கிடையாது.

வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தால், "உங்க அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்க சார்" என்பதைத் தாண்டி நகரவில்லை. சரி என்று கிளைக்கே போனேன். மேலாளர் பழைய படிவத்தைத் தேடி எடுத்தார். அந்த வாடிக்கையாளருடைய மின்னஞ்சல் முகவரியின் கடைசியில் இருந்த 7, தட்டச்சு செய்தவர் கண்ணுக்கு 1 ஆகத் தெரிந்திருக்கிறது. படிவத்தை என் பக்கம் திருப்பியே காட்டினார். "சார், இதுவும் அதே தப்புதானே?" என்றேன். சட்டென்று மூடிவிட்டார்.

அறிக்கைக்காவது கடவுச்சொல் உண்டு. கடன் தவணை நினைவூட்டலுக்கு அதுவும் இல்லை. பெயர், தொகை, தேதி எல்லாம் வெட்டவெளியில்.

"கோர்ட்டுக்குப் போவார்களா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். போயிருக்கிறார்கள். 2009இல் அமெரிக்காவின் ராக்கி மவுண்டன் வங்கி 1,325 வாடிக்கையாளர்களின் விவரங்களைத் தவறான ஜிமெயிலுக்கு அனுப்பிவிட்டு, கூகுள் மீது வழக்குப் போட்டது. நீதிமன்றம் அந்த முகவரியையே முடக்கச் சொன்னது. ஒரு பாவமும் செய்யாத ஆளின் அஞ்சல்பெட்டி! நல்லவேளை, என்னிடம் அழிக்கச் சொன்னதோடு விட்டார்கள். மேலாளர் எதிரிலேயே அழித்தேன்.

நேற்று ஒன்றாம் தேதி. அறிக்கை வரவில்லை. அந்த வாடிக்கையாளர் பெயருக்கு ஒரு கிரெடிட் கார்டு சலுகை மட்டும் வந்திருக்கிறது.