தலையீத்துப் பசு பாலை அடக்குது, வழி சொல்லுங்க

வணக்கம். வீட்டுத் தேவைக்குன்னு ஒரே ஒரு கறவை வச்சிருக்கோம். தலையீத்து, இதான் முதல் கன்னு. சீம்பால் இருந்த வரைக்கும் தொந்தரவே இல்ல. இப்போ கன்னுக்குட்டி முட்டி ஊட்டும்போது நாலு காம்பும் விம்மி நிக்குது. கன்னை இழுத்துக் கட்டிட்டு நான் உட்கார்ந்தா நாலஞ்சு பீச்சு வரும், அவ்வளவுதான். மடி நிறைய பால் இருந்தும் சொட்டு இறங்காது. மேல கை வச்சா பின்னங்காலைத் தூக்குது. கன்னை மறுபடி அவிழ்த்துவிட்டா நுரை தள்ளக் குடிக்குது!

டாக்டர் பார்த்துட்டார், மடிநோய் இல்ல, காம்புல வெடிப்பும் இல்ல. ஆனா பால் தங்கித் தங்கி மடிநோய் வந்துடுமோன்னு பயமா இருக்கு.

சுரப்பு இறங்கினா சில நிமிஷத்துக்குள்ள கறந்துடணும், மாடு மிரண்டா அதுவும் நின்னுடும். அதனாலதான் பின்னங்காலைக் கட்டுற அணைக்கயிறு போட மனசு வரல. பால் இறங்க ஊசி போட்டுக் கறக்கச் சொல்றவங்க தயவுசெஞ்சு வேண்டாம்.

கன்னு ஒரு பக்கம் ஊட்ட, மறுபக்கம் கறந்து பழக்கினவங்க இருக்கீங்களா? கன்னை முகத்துக்கு நேரா கட்டி நக்கவிட்டா போதுமா? கறக்கும்போது தீவனம் வைக்கலாமா, முன்னாடியே வச்சிடணுமா? காலைத் தூக்குறது தானா அடங்குமா?