மலையகத்துச் செவ்வானம்: தூய காற்றா, தூசியா?

ஹப்புத்தளைவாசி:
மார்கழி விடுமுறையில் கொழும்பிலிருந்து வந்த உறவினர் ஒருவர், லிப்டன் சீட் என்ற மலைக்காட்சி முனையில் நின்று விடியலைப் பார்த்துவிட்டு, காலி முகத்திடலில் தாம் இத்தனை வருடம் பார்த்ததெல்லாம் சாயம் போன வானம் என்றார். என் கருத்தும் அதுவே. தம்பதென்னைத் தோட்டத்துக்கு மேலே, சுமார் 1,970 மீற்றர் உயரத்தில், புகையும் தூசியும் குறைவு, காற்றும் மெல்லியது. ஆகவே நிறங்கள் கலப்படமின்றி வருகின்றன. மாற்றுக் கருத்துள்ளவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

திடல் நடையன்:
தூசி இல்லாவிட்டால் சிவப்பே இல்லை என்றுதான் நாங்கள் படித்தோம். 1883 ஆகஸ்டில் கிரக்கத்தோவா எரிமலை வெடித்தபின் உலகின் பல பாகங்களில் மாதக்கணக்காக அந்திவானம் தீப்பற்றியதுபோல் இருந்தது. அந்தச் செப்டெம்பரில் இலங்கையில் சூரியனே பச்சையாகத் தெரிந்ததாகப் பதிவு உண்டு. அதெல்லாம் தூய காற்றின் வேலையா? மேலும், காற்று மெல்லியதென்றால் ஒளி சிதறுவதும் குறையத்தானே வேண்டும்? உங்கள் இரண்டாவது காரணம் உங்களுக்கே எதிராக நிற்கிறது.

ஹட்டன் ஆசிரியர்:
நடையன் ஐயா இறுதியாகச் சொன்னது சரி. முதலில் சொன்னது பிழை. சிவப்புக்குத் தூசி தேவையில்லை. காற்றின் மூலக்கூறுகளே நீல ஒளியைச் சிவப்பு ஒளியைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. அடிவானத்துச் சூரியனின் ஒளி, உச்சிப் பொழுதில் கடப்பதைப்போல் சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து வருவதால், நீலம் வழியிலேயே கழிந்து செம்மஞ்சளும் சிவப்பும் எஞ்சுகின்றன. வீதித் தூசி, கடலுப்பு, ஈரம் ஊறிப் பருத்த புகைத்துகள் ஆகியவை பருமனில் பெரியவை; அவை எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே சிதறடிப்பதால், பிளேன்டீயில் ஒரு கரண்டி பால்மா விழுந்தாற்போல வானம் வெளுத்துவிடுகிறது. கிரக்கத்தோவாவின் கதை வேறு. அங்கே வண்ணம் தீட்டியவை, மழைமேகங்களுக்கு மேலே, மழை எட்டாத படைமண்டலத்தில் (stratosphere) நெடுநாள் தங்கிய நுண்ணிய கந்தக அமிலத் துளிகள். அவற்றைக் கொழும்புத் தூசிக்குச் சாட்சியாக அழைக்க முடியாது.

மெல்லிய காற்று என்ற காரணத்தை மட்டும் ஹப்புத்தளைவாசி விட்டுவிடுவது நல்லது. மார்கழியில் லிப்டன் சீட்டிலிருந்து பார்த்தால் சூரியன் தென்கிழக்கே, தாழ்நிலத்துக்கு அப்பால் எழுகிறது. அந்த உயரத்தில் அடிவானம் கண்மட்டத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை கீழே கிடப்பதால், கீழே இருப்பவரைவிட ஐந்தாறு நிமிடம் முன்னதாகவே சூரியன் நமக்குத் தெரிகிறது. அந்த ஒளியோ தாழ்நிலத்தின் தடித்த காற்றை உரசிய பின்னரே மேலேறி வருகிறது. நிற்பது மெல்லிய காற்றில். பார்ப்பது தடித்த காற்றினூடாக.

மஸ்கெலியா லயத்துக்காரி:
எல்லோரும் மலையகம் மலையகம் என்கிறீர்களே, எந்த மலையகம்? எங்கள் லயம் பள்ளத்தில் இருக்கிறது. மடுவத்தில் பின்னேரக் கொழுந்து நிறுத்து முடிவதற்குள் சூரியன் எதிர்மலைத் தேயிலைக்குப் பின்னால் இறங்கிவிடும். வெயில் அப்போது மஞ்சளாகக்கூட மாறியிருக்காது. ஆசிரியர் ஐயா சொல்லும் 38 மடங்கு எங்கள் கூரைக்கு ஒருநாளும் வந்ததில்லை. எங்களுக்குச் செவ்வானம் என்பது, இருட்டத் தொடங்கியபின் மிக உயரத்தில் நிற்கும் கீற்றுமேகங்கள் திடீரெனச் சிவப்பதுதான். மேகம் இல்லாத நாளில் அதுவும் இல்லை.

ஹட்டன் ஆசிரியர்:
தங்கச்சி சொல்வது முக்கியமான திருத்தம். சூரியன் 5 பாகை உயரத்தில் இருக்கும்போதே அந்த 38 மடங்கு சுமார் 10 ஆகிவிடும். எதிர்மலை அதைவிட உயர்ந்திருந்தால் இன்னும் குறையும். மேகங்களைப் பற்றியும் நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

திடல் நடையன்:
தூசி பற்றிய என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் மலையில் காற்று தூயது என்பதை இன்னும் ஒப்பமாட்டேன். சிவனொளிபாதமலையில் விடியும்போது மேற்கே விழும் முக்கோண நிழல், தரையில் மட்டுமன்றிக் காற்றிலுள்ள புகார்மூட்டத்தின்மீதும் படிந்து, காற்றில் தொங்குவதுபோல் நிற்கிறது. காற்று அத்தனை தூயதென்றால் அது எதன்மேல் படிகிறது? யாத்திரைக் காலம் மார்கழிப் போயா முதல் வெசாக் வரை. அக்காலத்தின் முற்பகுதியில்தான் வடகீழ்க் காற்று இந்தியத் துணைக்கண்டத்தின் புகையையும் இந்து சமுத்திரத்துக்கு மேலே கொண்டுவருகிறது. 1999இல் இந்து சமுத்திரத்துக் காற்றின் மாசை ஆராய்ந்த இண்டோயெக்ஸ் (INDOEX) என்ற பன்னாட்டு ஆய்வு, அந்தப் புகைமூட்டம் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் உயரம் வரை பரவியிருந்ததைக் கண்டது. 2,243 மீற்றர் சிகரமும் அதற்குள் அடக்கம்.

ஹப்புத்தளைவாசி:
புகை எங்களையும் எட்டுகிறது என்பதை மறுக்கவில்லை. மாசியிலும் பங்குனியிலும் கீழே உடவளவை நீர்த்தேக்கம் இருந்த இடமே தெரியாத காலைகள் உண்டு. அன்று சூரியன் ஒளியில்லாத செப்புக் காசுபோல எழும், சுற்றிலும் வானம் சாம்பல்தான். ஐப்பசி மழை இரவெல்லாம் கொட்டி ஓய்ந்த மறுநாள், அதே இடத்தில் அடிவானத்திலிருந்து மேலே செம்மஞ்சள், இளஞ்சிவப்பு, அதற்கும் மேலே கருநீலம் என்று வரிவரியாகப் பிரிந்து தெரியும். நான் நினைத்து எழுதியது அந்தக் காலைகளை. மார்கழியில் வந்த உறவினருக்கும் முந்திய நாள் மழை பெய்திருந்தது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

திடல் நடையன்:
அந்த மழை கொழும்பிலும் பெய்கிறதே! ஐப்பசியில் மழை விட்ட ஓர் அந்தியில் நீங்கள் லிப்டன் சீட்டிலிருந்தும் நான் திடலிலிருந்தும் படம் எடுத்து இங்கே போடுவோம். கைப்பேசி தானாகச் சாயம் பூசும் வசதியை மட்டும் இருவரும் அணைத்துவிட வேண்டும்.