பன்னீர் ரோஜா ஓங்கி வளருது, பூ இல்லை. எவ்வளவு வெட்டலாம்?

கேள்வி:
மாடியில் 15 அங்குலத் தொட்டியில் பன்னீர் ரோஜா. ஐந்தடிக்கு நாலு குச்சி, இலை பச்சைப் பசேல்னு இருக்கு. மொட்டு மட்டும் நுனியில் ஒண்ணு ரெண்டுதான், அதுவும் ஓரம் பழுப்பாகி விரியாமலே நிக்குது. வாராவாரம் கடலைப் புண்ணாக்குக் கரைசலும் மீன் அமிலமும் மாத்தி மாத்திக் கொடுக்கிறேன். ஒரு குச்சியை வெட்டினதில், வெட்டு வாயிலிருந்து கீழே கறுத்துக்கிட்டே வருது.

பதில் 1:
ரெண்டு உரமும் தழைச்சத்து அதிகம் உள்ளவை, அதான் இலையாவே போகுது. ஒரு மாசம் நிறுத்துங்க. எலும்புத் தூள் 50 கிராம் மேல்மண்ணில் கிளறி விடுங்க. ஆறு மணி நேர நேர் வெயில் கட்டாயம்.

நாலையும் வெட்ட வேண்டாம். நம்மூர்ப் பன்னீர் ரோஜா, அதாவது எட்வர்ட் ரோஜா, போர்பன் இனம். ரீயூனியன் தீவில் 1800களின் தொடக்கத்தில் சீன ரோஜாவும் டமாஸ்க் ரோஜாவும் கலந்து வந்த கலப்பினம். வாசனை டமாஸ்க் கொடுத்தது, அடுத்தடுத்துப் பூப்பது சீன ரோஜா கொடுத்தது. நீளக் குச்சி விடுவது இதன் இயல்பு, அதைப் பயன்படுத்திக்கணும். ரெண்டு குச்சியை ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமா வளைத்து, படுக்கைவாட்டில் சணலால் கட்டுங்க. ஒரேயடியா வளைத்தால் அடியில் பிளந்துடும். நிமிர்ந்த குச்சியில் நுனி மொட்டு கீழ்க்கணுக்களை எழவிடாது. படுக்க வைத்தால் கணுவுக்குக் கணு துளிர்த்து, துளிர் நுனியில் மொட்டு வரும்.

பதில் 2:
மொட்டில் பழுப்பு ஓரம் இலைப்பேன்ங்கிற பூச்சியோட வேலை. ஒரு மொட்டைப் பிரித்து வெள்ளைத் தாளில் தட்டுங்க, மஞ்சளும் பழுப்புமா ஊசிமுனை அளவில் ஓடும். கெட்ட மொட்டைக் கிள்ளி எரிக்கணும், தொட்டி மண்ணில் போடக் கூடாது. வேப்பெண்ணெய் 5 மி.லி., ஒரு லிட்டர் தண்ணீர், சில சொட்டு காதி சோப்புக் கரைசல். கலந்து சாயங்காலம் தெளிங்க, வாரம் ஒருமுறை, மூணு வாரம்.

குச்சி கறுப்பது நுனிக்கருகல் நோய். உள்தண்டு வெள்ளையாத் தெரியும் வரை இறங்கி வெட்டுங்க. வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே, சாய்வா. கத்தரியை ஒவ்வொரு வெட்டுக்கும் டெட்டாலில் துடைங்க. வெட்டு வாயில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு பூஞ்சைக்கொல்லியைக் குழைத்துப் பூசுங்க.

பதில் 3:
முழுக் கவாத்து, அதாவது செடி முழுக்க வெட்டிவிடுவது, அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் மட்டும், அதுவும் மழை விட்ட நாளில். கோடையில் பாதிக்கு மேல் வெட்டினால் செடி காய்ந்துடும். வெட்டி சுமார் 45 நாளில் பூ வரும்.

வெட்டின நல்ல குச்சியை வீணாக்காதீங்க. பென்சில் கனத்தில் முக்கால் அடி நறுக்கி, மேலே ரெண்டு இலை விட்டு, மணல் கலந்த செம்மண்ணில் நடுங்க. வேர் பிடிக்கும்வரை நிழல் வேணும்.