புதுப்பிப்பு: ஒகேனக்கல், அஞ்செட்டி பக்கம் 200-500 லென்ஸ் எடுத்துட்டு போனேன்

காட்டு விலங்குகளைப் படம் எடுக்க என் நிக்கான் டி7500 கேமராவுக்கு கையில இருக்கற 70-300 எம்எம் ஜூம் லென்ஸ் போதுமா, இல்ல தூரத்துல இருக்கறத இன்னும் கிட்ட காட்டற 200-500 எம்எம் லென்ஸை வாடகைக்கு எடுக்கலாமான்னு இங்க கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வாடகைக்கே எடு தம்பின்னு சொன்ன அண்ணன் பேச்சைத்தான் கேட்டேன், சரியா வந்துச்சு. என் கேமராவுல இருக்கறது சின்ன சைஸ் (கிராப்) சென்சார், அதுல 500 எம்எம்னா பெரிய ஃபுல் ஃபிரேம் சென்சார்ல 750 எம்எம் மாதிரி, ஆத்தோர மரத்து உச்சியில உக்காந்திருந்த சாம்பல் மலை அணிலோட வால் முடி வரைக்கும் தெரியுது. ஆனா லென்ஸ் வெயிட்டு 2.3 கிலோ, ரொம்ப நேரம் கையில புடிக்க முடியாது. லென்ஸை ஆடாம தாங்கற பீன்பேக் (தானியம் மாதிரி எதையாவது நிரப்பின பை) வெச்சுக்கங்கன்னு இன்னொருத்தர் சொன்னதுதான் உண்மையிலேயே பெரிய உதவி, கடையில வாங்கல, துணிப்பையில ராகிய கொட்டி தச்சு கார் ஜன்னல்ல வெச்சுட்டேன் (வீட்ல களிக்கு அந்த ராகி எப்ப வரும்னு கேக்கறாங்க). இன்ஜின ஆஃப் பண்ணிடுங்க, இல்லன்னா அதிர்வுல படம் ஆடும்.

எதிர்பாக்காத விஷயம், வெயில் ஏறுனதும் பாறை மேல படுத்திருந்த முதலைங்க படம் எல்லாம் கலங்கலா வந்துச்சு. லென்ஸ் கோளாறுன்னு நெனைச்சா இல்ல, கானல்தான், மறுநாள் விடியக்காலைல அதே தூரத்துல ஷார்ப்பா விழுந்துச்சு. அப்புறம் அஞ்செட்டி ரோட்டுல யானை குறுக்க வந்தப்ப அந்த லென்ஸோட குறைஞ்ச ஜூமான 200-லயே ஃபிரேம்ல அடங்கல, பழைய 70-300-ஐ மாட்டித்தான் முழுசா எடுத்தேன்.